செம்பவாங் என்பது ஒரு மரம்

செம்பவாங் பூங்காவில் ஒரு மரம் நிற்கிறது. ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கும் மரம் இல்லை. அதன் அருகில் உள்ள பலகையில் மரத்தின் பெயர் எழுதியிருக்கிறது: செம்பவாங். அந்தப் பலகையை முதன்முதலில் படித்தபோது எனக்கு 54 வயது. நான் செம்பவாங் பக்கத்தில் பிறந்தவன். பள்ளி விண்ணப்பம், தேசிய சேவைக் கடிதம், வேலைக்கு எழுதிய மனு என்று எத்தனையோ தாள்களில் அந்தச் சொல்லை என் கையால் எழுதியிருக்கிறேன். அது ஒரு மரத்தின் பெயர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அரை நூற்றாண்டு ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, வீட்டுக்காரரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தது போல இருந்தது. பட்டையில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு தேடிப் படித்தேன். நாட்டு மருந்துக் கடையில் சிறுநாகப்பூ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மரத்துக்கு இது நெருங்கிய சொந்தம். ஆற்றோரத்தில் வளர்வது. ஒரு மரத்தோடு தேடல் நிற்கவில்லை. சிங்கப்பூர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்க்க ஆரம்பித்தேன். தெம்பனிஸ், இரும்பைப் போல இறுகிய கட்டை உள்ள தெம்பினிஸ் மரம். கிராஞ்சி, புளிப்பும் இனிப்புமாகப் பழம் தரும் கெராஞ்சி மரம். தஞ்சோங் ரூ, சவுக்கு நின்ற முனை. கம்போங் கிளாம், படகின் இடுக்குகளை அடைக்கப் பட்டை உரித்துக் கொடுத்த கெலாம் மரம். இத்தனை வருடமாக நான் ரயிலில் ஒரு காட்டின் ஊடே போய் வந்திருக்கிறேன். ஒலிபெருக்கி சில மரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் இருக்கிறது. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் மரத்தின் பேரில் ஊர் இருப்பது எங்கள் வீட்டுக்குப் புதிய செய்தியே இல்லை. அப்பா புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஆலங்குடி என்றால் ஆலமரம், புளியங்குடி என்றால் புளியமரம் என்று மடியில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தவர். அங்கே எந்தக் கண்மாய்க் கரையில் எந்த மரம் நிற்கிறது, எதில் எந்தச் சாமி இருக்கிறது என்று வரிசையாகச் சொல்வார். அப்போது நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்தக் கிராமத்தின் மரங்கள் எனக்கு மனப்பாடம். வாசலில் நின்ற மரங்களைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "ஊர்" என்ற சொல் எங்கள் வீட்டில் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஊருக்குக் கடிதம் போடுவோம். ஊருக்குப் பணம் அனுப்புவோம். ஊரிலிருந்து மஞ்சள் வரும். நாங்கள் இருந்த இடம் சம்பாதிக்க வந்த இடம். சம்பாதிக்க வந்த இடத்தின் மரத்துக்குப் பெயர் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் வாழ்ந்தோம்.

அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கும் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது சோங் பாங் கிராமத்தில். துத்தநாகக் கூரை, பலகைச் சுவர், சிமெண்டுத் தரை. வீட்டின் பின்பக்கம் பால்மரக் காடு தொடங்கும். ரப்பர் என்று நாங்கள் சொன்னதில்லை, பால்மரம்தான். வெயில் ஏறினால் அதன் காய்கள் பட்டென்று வெடித்து விதைகள் கூரைமேல் விழும். அந்த விதையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கித் தம்பியின் தொடையில் வைத்தால் அலறுவான். அதுதான் எனக்கும் அந்தக் காட்டுக்கும் இருந்த உறவு. 1877ல் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த ஒரு சில கன்றுகளிலிருந்து இந்த மரம் மலாயா முழுக்கப் பரவியது. அதன் பால் வடிக்கத்தான் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். தேய்த்து விளையாடிய விதையில் எங்கள் சனங்களின் கதை இருந்ததைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரம்மா இருந்தார். மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் கேட்டதில்லை. அவர் வாய்க்கால் ஓரத்தில் ஒரு கீரையைப் பறித்து, பச்சையாகவே சம்பலில் தொட்டுச் சாப்பிடுவார். பெகாகா என்பார். ஒருநாள் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "அட, இது நம்ம வல்லாரைல்ல" என்று கூவியது இன்றும் காதில் இருக்கிறது. கடல் தாண்டி வந்து ஏழு வருடம் கழித்து, தெரிந்த முகம் ஒன்றைக் கண்டுவிட்ட குரல் அது. அன்றிலிருந்து வேலியின் இந்தப் பக்கம் துவையல், அந்தப் பக்கம் சம்பல். பின்னாலிருந்த சீனக் குடும்பத்து ஆ சோ, பலகாரம் வேக வைக்க எங்கள் வாழையில் இலை அறுத்துக்கொண்டு போவார். ஏழாம் மாதம் ஆவிகளுக்காகத் திடலில் வாயாங் மேடை போடுவார்கள். முன்வரிசை நாற்காலிகள் செத்தவர்களுக்கு. அது தெரியாமல் நாங்கள் போய் உட்கார்ந்து, காதைத் திருகி எழுப்பப்பட்டிருக்கிறோம். பங்குனி உத்திரத்துக்குக் கடற்படைத் தளத்துக் கோயிலில் காவடி. ஒரு மரத்தடியில் வைத்துக் கும்பிட ஆரம்பித்து வளர்ந்த கோயில் என்பதால் இன்றைக்கும் அதற்குப் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்றே பெயர். மரத்தைக் கும்பிடத் தெரிந்த நாங்கள், மற்ற மரங்களை ஏன் பார்க்காமல் போனோம்?

கிராமத்துக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு சிறிய மேடு உண்டு. செம்மண் மேடு. அதன் உச்சியில் ஒரு ஜம்பு மரம், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்த டத்தோ மாடம். இந்த மண்ணின் காவல் என்று சீனர்கள் ஊதுவத்தி ஏற்றும் மலாய்ச் சாமி. போகிற வழியில் அம்மாவும் அங்கே ஒரு கட்டி கற்பூரம் கொளுத்துவார். டத்தோ மேடு என்பது நாங்கள் வைத்த பெயர். மேட்டில் ஏறி நின்றால் கடற்படைத் தளத்தின் பாரந்தூக்கிகள் தெரியும், அதற்கும் அப்பால் ஜோகூர்.

அரை மணி நேரம் நடந்தால் ஓதம் ஏறி இறங்கும் ஆறு. இரண்டு கரையிலும் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு. பாக்காவ் என்றால் எங்களுக்குக் கட்டுமானக் கம்பு. சேற்றுத் தரையில் வீடு கட்டுகிறவர்கள் அதைத்தான் அடியில் அடித்து இறக்குவார்கள். அந்தக் காட்டில் கெத்தாம் நண்டு பிடிக்கப் போவோம். கண்ணைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு சேற்றில் தாவும் பெலோடோக் மீன்களைக் கல்லால் அடிப்போம். ஒருநாள் பால் வடியும் கிளை ஒன்றை நான் ஒடிக்கப் போனபோது மக்சிக் பதறிக் கத்தினார்: "புத்தா புத்தா! ஜாகா மாத்தா!" புத்தா என்றால் குருடு. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். மரத்தின் பெயரே அதுதான் என்று பிறகு சொன்னார். அந்த ஆற்றில் முன்பு படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த ஓராங் சிலேத்தார் மக்களைத் தன் பாட்டி பார்த்திருக்கிறார் என்றும் சொன்னார். சிலேத்தார் என்ற பெயரை அவர்கள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று ஜோகூர்க் கரையில் இருக்கிறார்கள்.

இதை நான் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். வாளிக் கக்கூஸின் நாற்றத்தை அறிந்தவன் அப்படி எழுத முடியாது. மழை பெய்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தெருக்குழாயில் வரிசை. 1983ல் ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சாவி கிடைத்தபோது, அம்மா குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா ஏழாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று காற்று வாங்கினார். அவர் வாழ்க்கையில் முதன்முதலாகச் சுவரில் ஒழுகாத வீடு. அந்த மகிழ்ச்சி நியாயமானது. அதைக் கொடுத்தவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் நன்றியோடு இருக்கும்.

நான் தேசிய சேவை முடித்து 1979ல் ஒரு குத்தகை நிறுவனத்தில் கட்டுமானத் தளக் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். வேலை, லோரி எண்ணுவது. மண் ஏற்றிய லோரி வாயிலைத் தாண்டும்போது ஓட்டுநர் ஒரு சீட்டை நீட்டுவார். நான் அடிக்கட்டையைக் கிழித்துக்கொண்டு, நேரம் குறித்து, பேரேட்டில் ஒரு கோடு போடுவேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து லோரி. சாயங்காலம் கூட்டிப் போட்டு மேலாளரிடம் கொடுக்க வேண்டும். அதன்படிதான் லோரிக்காரர்களுக்குக் கூலி. ஒரு கோடுகூடத் தவறவிட்டதில்லை.

நாங்கள் வீடு மாறிய அடுத்த வருடம், எனக்கு டத்தோ மேட்டில் வேலை போட்டார்கள். இடத்தின் பெயர் வரைபடத்தில் எண்ணாக இருந்தது. காலையில் போய் இறங்கிய பிறகுதான் புரிந்தது. கிராமத்தில் பாதிப் பேர் காலி செய்திருந்தார்கள். மாடத்தை ஏற்கெனவே பூசை செய்து வேறு இடத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஜம்பு மரம் நின்றது. மண்வாரி அதை ஒரே தள்ளில் சாய்த்தது. பழம் பழுத்திருந்த பருவம். வேலையாட்கள் ஓடிப் போய்ப் பொறுக்கித் தின்றார்கள், எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். நானும் தின்றேன். பிறகு கோடு போட ஆரம்பித்தேன். அந்த மேட்டைத் தரைமட்டமாக்க ஏழு வாரம் ஆனது. ஒரு நாளைக்கு நூறு லோரிக்குக் குறையாமல் போயிற்று. மண் ஆற்றோரப் பள்ளத்தை நிரப்பப் போகிறது என்று ஓட்டுநர்கள் சொன்னார்கள். அதாவது கெத்தாம் பிடித்த இடத்துக்கு. மேட்டை எடுத்துச் சதுப்பில் கொட்டியதில் இரண்டும் போயின. ஒரே பேரேட்டில் இரண்டுக்கும் நானே கணக்கு எழுதினேன். அப்போது வருத்தமாகக்கூட இல்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். மேலதிக நேரச் சம்பளம் கிடைத்தது. அதில் அம்மாவுக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கினேன்.

1986ல் சிலேத்தார் ஆற்றின் வாயை அடைத்து நீர்த்தேக்கமாக்கினார்கள். இந்தத் தீவுக்குக் குடிநீர் எவ்வளவு பெரிய பாடு என்பது தெரிந்தவன் அதைக் குறை சொல்ல மாட்டான். ஓதம் நின்றதும் பாக்காவ் நின்றுவிட்டது, அவ்வளவுதான். 1960களில் 580 சதுர கிலோமீட்டர் சொச்சம் இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. தீவு கால் பங்கு பெருத்திருக்கிறது. பெருத்த பாகம் எல்லாம் ஒரு காலத்தில் கடற்கரையாகவோ சேறாகவோ கடலாகவோ இருந்த இடம்.

1997ல் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் அஸ்தியைக் கரைக்க வேண்டிய பயணம். காரியம் முடிந்து சிதம்பரம் போய் நடராசரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறது, பார்க்காமல் போகாதீர்கள் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போனோம். இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நின்றன. சேற்றில் மீன் தாவியது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எனக்கும் மெய்சிலிர்த்தது. படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "இதுதாங்க தில்லை. இந்த மரத்தாலதான் சிதம்பரத்துக்கே தில்லைன்னு பேரு. பாலு கண்ணுல பட்டுச்சுன்னா கண்ணு போயிரும், தொடாதீங்க பாப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சிங்கப்பூர்ல இந்த மாதிரிக் காடெல்லாம் உண்டுங்களா சார்?"

"இல்லைங்க, அங்கெல்லாம் கட்டடம்தான்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். அந்த வருடம் சுங்கை பூலோ சதுப்புநிலம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டு நான்கு ஆண்டு ஆகியிருந்தது. பறவை பார்க்கிறவர்கள் சிலர் 1986ல் அங்கே வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைக் கண்டு, அரசாங்கத்துக்கு எழுதி, வாதாடிக் காப்பாற்றிய இடம். அந்தக் காலத்தில் இயற்கைச் சங்கத்தோடு நின்று உழைத்தவர்களில் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவரும் உண்டு: சுபராஜ் ராஜதுரை. நீளமாகத் தலைமுடி வளர்த்து, பட்டம் எதுவும் படிக்காமல் காட்டிலேயே பாடம் படித்தவர். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக் காட்டில் கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டம் 1992ல் கைவிடப்பட்டதிலும் அவர் போன்றவர்களின் உழைப்பு உண்டு. நான் லோரிக்குக் கோடு போட்ட வருடங்களில் என்னைவிட இளையவரான அவர் பறவைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். 2019ல் அவர் காலமானார். அவரோடு ஒருமுறை நடந்து பார்க்க எனக்கு வாய்க்காமல் போனது.

பிச்சாவரத்தில் நான் சொன்ன பதில் தப்பு என்று எனக்குக் காட்டியவள் என் மகள். 2001ல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, செக் ஜாவாவை மூடப் போறாங்களாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். அது எங்கே இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்டேன். புலாவ் உபின் தீவின் கிழக்கு முனை. தாவரவியலாளர் ஜோசப் லாய், முந்தைய டிசம்பரில் அங்கே என்ன இருக்கிறது என்று கண்டு வெளியே சொன்ன பிறகு, நிலமீட்புக்குக் குறிக்கப்பட்ட அந்தக் கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பேர் கிளம்பியிருந்தார்கள். சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து பம்போட் ஏறினோம். ஓதம் நன்றாக வற்றியிருந்தது. கடல் விலகிய மணலில் ஜனங்கள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள், ஏதோ தொலைத்துவிட்டவர்களைப் போல.

சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் செக்கச்செவேலென்று ஒரு நட்சத்திரமீன் கிடந்தது. கடற்புல் பச்சையாகப் படிந்திருந்தது. கம்பளம் விரித்தது போன்ற கடற்சாமந்திகள். மகள் மண்டியிட்டு ஒவ்வொன்றையும் பார்த்து, தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்தாள். கல்லெடுத்து அடிக்கும் வயதில் நான் இருந்ததை நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் உயிர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு கணக்குத்தான் வந்தது. இந்தக் கரையின் நீளம் எவ்வளவு, எத்தனை அடி உயர்த்த வேண்டும், எத்தனை லோரி, எத்தனை வாரம். பழகிய மனது தானாகப் பெருக்கிக் கூட்டியது. விடை வந்ததும் அடிவயிறு கலங்கியது. டத்தோ மேட்டில் வராத அழுகை, பதினேழு வருடம் கழித்து, கணுக்கால் தண்ணீரில் நின்றபோது வந்தது. மகள் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருட டிசம்பரிலேயே நிலமீட்பைத் தள்ளிவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. மக்கள் சொன்னதைக் காதில் வாங்கி, வரைந்து முடித்த திட்டத்தை நிறுத்தினார்கள். அது எவ்வளவு அரிய காரியம் என்பது, வரைந்த திட்டம் எப்படி நடக்கும் என்று உள்ளே இருந்து பார்த்த எனக்குத் தெரியும். 2007ல் நடைபாதைப் பாலம் போட்டார்கள். இன்றைக்கும் அங்கே ஓதம் ஏறி இறங்குகிறது.

அதன்பிறகுதான் நான் இந்தத் தீவைப் பார்க்க ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் ஒரு இடம். கடற்கரைக் குப்பை பொறுக்கும் கூட்டங்களுக்குப் போனேன். அவற்றைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தவர், நீர்நாய் ஆராய்ச்சியால் ஆட்டர்மேன் என்றே பேர் வாங்கிய உயிரியலாளர் என். சிவசோதி. பாக்காவ் வேர்களுக்கிடையில் சிக்கிய பிளாஸ்டிக்கை இழுக்கக் குனிந்தால், கண்ணுக்கு நேரே பெலோடோக் உட்கார்ந்து பார்க்கும். சுங்கை பூலோவில் ஒருநாள் ஒரு மரத்தின் முன் நின்றேன். இலையின் வடிவம் எங்கேயோ பார்த்தது போல இருந்தது. பலகையில் மலாய்ப் பெயர் புத்தா புத்தா. கீழே தாவரவியல் பெயர். வீட்டுக்குப் போய் அதே பெயரைத் தமிழ் நூலில் தேடினேன். தில்லை.

மக்சிக் என் கையைத் தட்டிவிட்ட மரமும், படகுக்காரர் மகளைத் தொடாதே என்ற மரமும் ஒன்று. நடராசர் ஆடும் வனம் எங்கள் கிராமத்துக்கு அரை மணி நடையில் இருந்திருக்கிறது. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆலங்குடியையும் புளியங்குடியையும் சொல்லிக் கொடுத்த மனிதர், தில்லை இங்கேயும் முளைக்கிறது என்று தெரிந்திருந்தால், இந்த மண்ணையும் ஊர் என்று ஒருமுறையாவது சொல்லியிருப்பாரோ என்று அன்று இரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாம் திரும்பி வருகின்றன என்பதைப் பார்க்க எனக்கு ஆயுள் கிடைத்திருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டில் காணாமல் போயிருந்த இருவாட்சி 1994ல் உபினில் மறுபடி தென்பட்டது. இன்று அது ஈசூனில் எங்கள் புளோக்கின் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக் கத்துகிறது. நீர்நாய்க் குடும்பங்கள் கால்வாய்களில் வரிசையாக நீந்துகின்றன. நெடுஞ்சாலை இரண்டாக அறுத்த காட்டைச் சேர்த்து 2013ல் விலங்குகளுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். நாங்கள் அழுங்கு என்று சொல்லும் பிராணி அதன்மேல் நடந்து போகிறது. காதிப் போங்சுவில் மிஞ்சியிருக்கும் சதுப்பை இயற்கைப் பூங்காவாக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். மரபுடைமைக் கழகம் ஈசூன், செம்பவாங் வட்டாரத்துக்கு நடைப்பாதை வரைபடம் போட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பாதையில் கூட்டிப் போகும்போது என்னையும் சிலசமயம் அழைக்கிறார்கள். கிராமம் இருந்த இடத்தில் நின்று, இங்கே வேலி, இங்கே வல்லாரை, அங்கே வாயாங் என்று காட்டுவேன். பிள்ளைகள் நான் காட்டும் பக்கம் பார்த்து, கட்டடத்தை மட்டும் கண்டு, மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு மரங்களின் பெயர் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு மரங்கள் இருந்தன.

போன வருடம் அம்மாவைச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனேன். 87 வயது. முழங்கால் வலி. சின்ன வயதில் பாட்டிக்கு முழங்கால் வலித்தபோது அம்மாதான் எங்களை அங்கே வாளியோடு அனுப்புவார். 1909ல் கண்டுபிடிக்கப்பட்ட ஊற்று. 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்தத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்றது. பிறகு ஒரு காலம் ராணுவ முகாமின் வேலிக்குள் போயிற்று. 2020ல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஊற்று வாயில் 70 டிகிரி இருக்கும் தண்ணீர் படிப்படியாக இறங்கி ஆறுகிறது. ஜனங்கள் முட்டை வேக வைக்கிறார்கள். அம்மாவைக் கீழ்ப்படியில் உட்கார வைத்துக் காலைத் தண்ணீரில் இறக்கினேன். சேலையை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்தார்.

"சோங் பாங் எந்தப் பக்கம்டா?"

காட்டினேன்.

"அப்ப டத்தோ மேடு தெரியணுமே. எங்க காணோம்?"

அம்மாவிடம் இதுவரை சொன்னதே இல்லை. குளிர்பதனப் பெட்டி வந்த அன்று, கடையில் என்ன விலை என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

"அத வெட்டி எடுத்துட்டாங்கம்மா. நாந்தான் லோரி கணக்கு எழுதுனேன்."

அம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தன லோரி?"

சொன்னேன். ஏழு வாரத்துக் கணக்கு, நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு கோடு பிசகாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. அம்மா அந்த எண்ணை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் ஒரு சீனத்து மூதாட்டி அம்மாவுக்கு ஒரு அவித்த முட்டையை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு, "தெரிமா காசே" என்றார். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது அவர் வாயில் மலாய் கேட்டு.

"இந்தத் தண்ணி சூடு பத்தல" என்றார் பிறகு. "மேல் படிக்குத் தூக்கி உடு."